காலியாகக் கிடந்த ஐந்து சதவீதம்

ஆற்றங்கரையில் நின்ற முப்பத்திரண்டு பெட்டிகளுக்கும் அவள்தான் பொறுப்பு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் உள்ளங்கையளவு லினக்ஸ் கணினி. அதற்கு வட்டு என்று இருப்பது நகத்தளவு மெமரி கார்டு. நிமிடத்துக்கொருமுறை நீர்மட்டத்தை அளந்து எழுதிவைக்கும். மட்டம் அபாயக் கோட்டைத் தாண்டினால் மதகுக்காரரின் கைபேசிக்குச் செய்தி போகும்.

பெட்டிகளை நிறுவிய காலத்தில், கார்டில் தகவல்களை அடுக்கிவைக்க எந்தக் கோப்பு முறைமை போடுவது என்று கருவி அறையில் பெரிய வாக்குவாதம். எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும் பழைய எளிய முறைமையே போதும் என்றார்கள் மற்றவர்கள். அவள் மசியவில்லை.

"கரையில நாளுக்கு நாலு தடவை கரண்ட் போகுது. எழுதிக்கிட்டிருக்கும்போது போனா எல்லாம் சிதைஞ்சிடும். செய்யப்போற வேலையை முன்னாடியே குறிச்சு வச்சுக்கிற முறைமைதான் தாங்கும்."

ஒற்றைக் காலில் நின்று எக்ஸ்ட்-4 என்ற அந்த முறைமையைப் போடவைத்தாள். நான்கு வருடத்தில் ஒரு கார்டுகூடக் கெடவில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

அந்த முறைமை, வட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தனியாக ஒதுக்கிவைக்கும். சாதாரண நிரல்கள் மற்ற இடத்தையெல்லாம் நிரப்பினாலும், ரூட் என்ற தலைமைக் கணக்கில் ஓடுபவை அங்கே எழுதிப் பிழைத்துக்கொள்ளும். செய்தி அனுப்பும் நிரல் ரூட்டில் ஓடியது. அளவு எழுதும் நிரல் சாதாரணக் கணக்கில்.

கோடையில் மேலதிகாரி, பழைய அளவுகளை அழிக்காமல் இன்னும் கொஞ்ச காலம் வைத்திருக்கச் சொன்னார். பெரிய கார்டுகள் வந்துசேர நாளாகும். சும்மா கிடக்கிற இடம்தானே என்று, நாற்காலியை விட்டு எழாமலேயே ஒரு வரிக் கட்டளையில் ஐந்தைப் பூஜ்ஜியமாக்கினாள். கார்டுகள் வந்தன, பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தன. மழை பிடித்துக்கொண்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்றாம் மதகுப் பெட்டியின் கார்டு நிரம்பியது. பத்து மணிக்கு ஆறு கோட்டைத் தாண்டியது. செய்தி நிரல், அனுப்புமுன் செய்தியை வட்டில் எழுதிக்கொள்ளும். ஒதுக்கிவைத்திருந்த ஐந்து பங்கும் நிரம்பிவிட்டதால் எழுத ஊசி முனை இடமில்லை. நிரல் ஓசைப்படாமல் நின்றுபோனது.

இரைச்சல் கேட்டு மதகுக்காரர் வெளியே வந்தபோது, தாழ்கரை வீடுகளின் வாசலில் தண்ணீர். கத்திக் கத்தி அங்கிருந்த ஆறு குடும்பங்களையும் மேட்டுக்கு ஏற்றினார். பிறகு மதகைத் திறக்க ஓடியவரை, அடித்துவந்த மரம் ஒன்று சுவரோடு சேர்த்து நசுக்கியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மறுநாள் கார்டைக் கழற்றிப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மழையில கருவி பழுதுன்னு எழுதிடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மேலதிகாரி.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா சார்? கருவி நல்லாத்தான் இருந்துச்சு. கெடுத்தது நான்."

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றது.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று அதையே சொன்னாள். மதகுக்காரர் கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"முன்னெல்லாம் மழைன்னா மணிக்கொரு தடவை நானே போய்ப் பார்ப்பேம்மா. பெட்டி வந்தப்புறம் விட்டுட்டேன். அது பேசலைன்னா தண்ணி ஏறலைன்னு இருந்துட்டேன்."

"அது உங்க தப்பில்லண்ணே."

கட்டிலின் மறுபக்கம் இருந்த அவர் மனைவி திரும்பினாள். "தப்பு யாருதுன்னு தெரிஞ்சா கால் முளைக்குமா? போங்க."

போனாள். அடுத்த பத்து நாளும் கரை நெடுகச் சேற்றில் நடந்து முப்பத்திரண்டு கார்டுகளையும் மாற்றினாள். புதியவற்றை இரண்டாகப் பிரித்திருந்தாள்: அளவுகளுக்கு ஒரு பகுதி, அது நிரம்பினால் நிரம்பட்டும், இயங்குதளத்துக்கு இன்னொன்று, அதில் ஐந்து பங்கு ஒதுக்கீடு அப்படியே. இடம் குறைந்தால் முன்கூட்டியே தன் கைபேசிக்குச் செய்தி வரவும் ஏற்பாடு செய்தாள்.

மாதம் ஒருமுறை மதகுக்காரரின் வீட்டுக்கும் போனாள். அவர் செயற்கைக் காலைக் கட்டிக்கொண்டு பேசுவார். மனைவி உள்ளே போய்விடுவாள். அடுத்த ஆண்டு மழையில் மூன்றாம் மதகிலிருந்து செய்தி வந்தது. புதிய மதகுக்காரர் உடனே மதகைத் திறந்தார். தாழ்கரைக்காரர்கள் வெள்ளத்தில் கால் நனையாமல் மேடேறினார்கள். அந்த வாரம் அவள் போனபோது, அந்த மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க," என்றாள்.