சக்தி பாடத்தன்று நான் சொன்ன உண்மை

பொய் சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் இன்றுவரை வெட்கப்படுவது ஓர் உண்மையைச் சொன்னதற்காக. அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. நானாகவே எழுந்து நின்று, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்.

பாணுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. அரிசி அரிதாகிவிட்டது, கோதுமை மாவும் அளவாகத்தான் கிடைத்தது. மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே, தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை பிரிகிற இடத்தில் வாப்பா சிறிய பேக்கரி ஒன்று வைத்திருந்தார். விடிவதற்குள் போறணை அடுப்பில் பாண் வெந்து இறங்கிவிடும். கதவுப் பலகையைக் கழற்றும்போதே வெளியே வரிசை நின்றிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் பாணைச் சுற்றப் பழைய பத்திரிகைகளைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. அந்த நாட்களில் ஊரில் எல்லோரும் எங்கள் கடையைப் பார்த்து நின்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று காலை வரிசையின் கடைசிப் பக்கத்தில் மரியசெல்வி நின்றாள். ஏழாம் வகுப்பில் என்னோடு படித்தவள். மேல் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீடு. அம்மா வெள்ளனவே கொழுந்து பறிக்கப் போய்விடுவதால் பாண் வாங்க அவள்தான் வருவாள்; பக்கத்தில் வேறு பேக்கரியும் இல்லை. விஞ்ஞானத்தில் எப்போதும் அவள் முதலாவது, நான் இரண்டாவது. அது போதாதென்று வகுப்பில் அவளைப்போல் வாயடிப்பவள் வேறு யாரும் இல்லை. மாஸ்டர் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே அவளிடமிருந்து பதில் வந்துவிடும்.

அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வாப்பா கையை விரித்தார். அவர்கள் விலகியதும் முன்னால் வந்த அவளிடமும் சொன்னார்.

"பாண் முடிஞ்சிருச்சு புள்ள. நாளைக்கு வெள்ளனவே வா."

பாண் முடிந்திருக்கவில்லை. வீட்டுக்கென்று எடுத்துவைத்த நாலு றாத்தல் பாண் மேசைக்கு அடியில் வெள்ளைத் துணிக்குக் கீழே இருந்தது. துணியின் ஓரம் சற்று விலகியிருந்தது. மரியசெல்வியின் கண் அங்கே போய்த் திரும்பியதை நானும் கண்டேன். அவள் மேட்டுப் பாதையில் ஏறிப் போனாள். நான் உள்ளே போய் அந்தப் பாணில் பெரிய துண்டாக ஒன்றை சம்பலோடு சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

அன்றைக்கு விஞ்ஞான மாஸ்டர் தன் சைக்கிளை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். அதைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்து, பெடலைக் கையால் சுற்றினார். முன் விளக்கு எரிந்தது. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் வீட்டில் மண்ணெண்ணெய்க் குப்பிலாம்புதான்.

ஒளிச் சக்தி மின்சக்தியிலிருந்து வந்தது, மின்சக்தி சக்கரத்தின் இயக்கத்திலிருந்து வந்தது, சக்கரத்தைச் சுற்றியது கை என்று படிப்படியாகக் கரும்பலகையில் எழுதினார். சக்தியை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, அது உருமாறிக்கொண்டே போகும் என்றார். பிறகு சோக்கட்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப கைக்குச் சக்தி எங்கேருந்து வந்துச்சு?"

சாப்பாட்டிலிருந்து என்று மரியசெல்விதான் சொன்னாள். மாஸ்டருக்குச் சந்தோஷம். ஒவ்வொருவராக வந்து, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லி, அதன் சக்தி எங்கேயிருந்து வந்தது என்று சூரியன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுப் பெடலைச் சுற்ற வேண்டும் என்றார். நன்றாகச் சொல்பவர்தான் பள்ளிக்கூடக் கண்காட்சியில் கல்வி அதிகாரிக்கு முன்னால் இதை விளக்கப் போகிறவர். ஒரு பையன் லக்கலையிலிருந்து அவன் மாமா கொண்டுவந்த சோளம் என்றான். நான் பாணும் சம்பலும் என்றேன். கோதுமை, கோதுமைக்கு வெயில் என்று சரியாகத்தான் சொன்னேன்.

அடுத்து வந்த மரியசெல்வியும், "பாணும் சம்பலும், சேர்" என்றாள்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவள் வாய் திறந்தால் கண்காட்சி அவளுக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

"சேர், அவ பொய் சொல்றா. அவளுக்கு இன்னைக்குப் பாண் கிடைக்கல்ல. நான் எங்க கடையில நின்னு பாத்தேன்."

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அந்தக் காலத்தில் அந்த வகுப்பில் கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மரியசெல்வி என்னைப் பார்த்தாள். துணிக்கு அடியில் கண்டதைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் மாஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாண் கிடைக்கல்லதான் சேர். ராத்திரி மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டேன். கிழங்கு மண்ணுக்குள்ள இருந்தாலும் இலை வெயில்லதானே நிக்குது. இலை செஞ்ச சாப்பாட்டைத்தான் கிழங்கு சேத்து வைக்குது."

மாஸ்டர் அதுவரை எங்களுக்குச் சொல்லித்தராத விஷயம் அது. அவள் குனிந்து பெடலைச் சுற்றினாள். விளக்கு எனக்கு எரிந்ததைப் போலவே அவளுக்கும் எரிந்தது.

"நீ சொன்னது உண்மைதான். உட்காரு புள்ள" என்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாஸ்டர் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் கண்காட்சியில் தனக்குப் பேச வேண்டாம், பெடல் மட்டும் சுற்றுகிறேன் என்று மரியசெல்வியே மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவள் கேட்கவில்லை. அதிகாரி வந்த அன்று வெள்ளைச் சீருடையில் கஞ்சி மொடமொடக்க நான் முன்னால் நின்றேன். இன்று காலை உண்ட பாணில் இருந்த இரசாயனச் சக்தி கைக்கு வந்து, கையிலிருந்து சக்கரத்துக்குப் போய், இதோ இந்த விளக்காக எரிகிறது என்று ஒரு பிழையும் இல்லாமல் ஒப்புவித்தேன். எனக்குப் பின்னால் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் என்ன சாப்பிட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி என் பெயரைக் கேட்டு, முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெடல் சுற்றியது யார் என்று கேட்டார். நம்ம கடைக்குப் பாணுக்கு வருகிற மரியசெல்வி என்றேன்.

"அந்த லயத்துப் புள்ளயா? நல்ல அடக்கமான புள்ள. பாண் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் ஒரு வார்த்தை பேசினதில்ல."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் அவ்வளவு பேசுகிறவள் எங்கள் கடை வாசலில் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை? அன்று இரவு கொஞ்ச நேரம் அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். வாப்பாவின் தாடியைப் பார்த்துப் பயந்துபோயிருப்பாள் என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கிப்போனேன்.