கடைசி வரிசையில் ஒரு பாஸ்போர்ட் முகம்

இன்று பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போன இடத்தில் நான் சந்தித்தது, எது நடந்தாலும் முகம் மாறாத ஒரு மனிதரை. அந்த முகம் மாறிய ஒரே ஒரு நொடியையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வந்த கையோடு தட்டிக்கொண்டிருக்கிறேன், அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவருடைய ஸ்டுடியோ. ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்குகள், சீப்பு தொங்கும் ஒரு கண்ணாடி. கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ரோலர் கோஸ்டர் படங்கள். தீம் பார்க்கில் வண்டி தலைகுப்புற இறங்கும்போது தானாக எடுத்து, வெளியே வரும் வழியில் விற்பார்களே, அந்தப் படங்கள்தான். ஒவ்வொன்றிலும் முன்னால் இருப்பவர்கள் கண் பிதுங்கி, முடி செங்குத்தாக நின்று, தொண்டைக்குழி தெரியக் கத்திக்கொண்டிருப்பார்கள். கடைசி வரிசையில் இவர் மட்டும் தாடை நேராக, வாய் மூடி, இரண்டு காதும் தெரிய உட்கார்ந்திருப்பார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. வெட்டி எடுத்து எந்த விண்ணப்பத்திலும் ஒட்டிவிடலாம்.

பார்க் பைத்தியங்கள் மத்தியில் அவருக்குப் பெயர் பாஸ்போர்ட் அண்ணன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எல்லாரும் வருட டிக்கெட் வாங்கியவர்கள், ஞாயிறு தவறாமல் ஆஜராகிறவர்கள். ரோலர் கோஸ்டரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். பழுது பார்க்க மூடியிருந்தால், "பெரியவருக்கு இடுப்பு பிடிச்சிருக்காம்" என்று முகம் வாடுவார்கள். மழையில் ஓடவில்லை என்றால் சளி. ஏறும் முன் சீட்டின் முதுகைத் தட்டி நலம் விசாரிக்க வேண்டும். உச்சியில் யாரும் பேசக்கூடாது, பெரியவருக்கு மூச்சு வாங்கும் நேரம் அது. எல்லாவற்றையும்விட முக்கியம், கேமரா இருக்கும் வளைவில் எடுக்கும் வேஷம். கணக்கு வாத்தியார் ஒருவர் அந்த நொடியில் விடைத்தாள் திருத்துவதுபோல் காற்றில் பேனா ஓட்டுவார். நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் இருப்பவரின் நாடி பிடித்துப் பார்ப்பாள். அண்ணனுக்கு வேஷமே தேவையில்லை. நாள் முழுக்க ஊரார் முகத்தை நேராக்குகிறவர், தன் முகத்தையும் அப்படியே வைத்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூடப் பிசகியதில்லை.

அவர் மனைவி, எல்லாருக்கும் அண்ணி, அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது, "உங்க பெரியவரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்பதோடு சரி.

போன வருஷம் ஒரு காலையில் அண்ணி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. முகவாதம் என்றார் டாக்டர். மருந்து, மசாஜ், பலூன் ஊதுவது என்று பாடாய்ப்பட்டதில் கண் சரியாகிவிட்டது, பேச்சும் சரியாகிவிட்டது. இடது வாயோரம் மட்டும் கீழே இறங்கியது இறங்கியதுதான். அன்றிலிருந்து கையில் ஒரு கைக்குட்டை. யாரிடம் பேசினாலும் அது வாய்க்கு வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிட்டால், போன் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்கும்.

"அம்மா, எனக்கு ஃபேன்தான் தெரியுது."

"நல்லா சுத்துதா பாரு."

இப்படியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தபோதுதான் மகளுக்குக் குழந்தை உண்டானது. பிரசவத்துக்கு அம்மா வந்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணியின் பாஸ்போர்ட்டோ காலாவதியாகிக் கிடந்தது. புதுசு வேண்டுமென்றால் புதுப் போட்டோ வேண்டும். நேராகப் பார்த்து, சிரிக்காமல், எதையும் மறைக்காமல் எடுத்த போட்டோ.

"நான் போகலை. பக்கத்துல யாரையாவது வேலைக்கு வெச்சுக்கச் சொல்லுங்க," என்றாள் அண்ணி.

அண்ணன் தலைகீழாக நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மாதம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம், கடையைச் சாத்தும்போது, தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

"சும்மா உட்காரு. வாயோரத்தை நான் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடறேன். யாருக்கும் தெரியாது."

பாஸ்போர்ட் படத்தில் கைவைக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். மருவை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிய புது மாப்பிள்ளைக்கே மசியாதவர். அண்ணிக்கும் அது தெரியும்.

"எல்லாரையும் உள்ளபடி எடுப்பீங்க. என்னை மட்டும் திருத்தணுமா?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. "அப்போ உங்க கண்ணுக்கும் கோணலாத்தான் தெரியுது."

நல்லது நினைத்துச் சொன்ன சொல் வினையாகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் போட்டோ என்ற பேச்சையே எடுக்கவில்லை. மகள் கூப்பிடும்போதெல்லாம் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள், ஸ்டுடியோவில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த அண்ணி அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டாள். தினமும் பார்க்கிற சுவர்தான். ஆனால் எப்போதும் புருஷன் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் மற்றவர்களைப் பார்த்தாள். வாத்தியாரின் கன்னம் காதோரம் ஒதுங்கியிருந்தது. நர்ஸின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெரிய மனுஷர், கோட்டு போட்டவர், மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் இருந்தார்.

"இதையெல்லாம் இவங்க காசு குடுத்தா வாங்கறாங்க?"

"அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க. கோணல் ஜாஸ்தியா இருந்தா இன்னொரு காப்பி வேற."

"இந்த மூஞ்சியையா?"

"வீட்டுல மாட்டறதுக்கு."

அண்ணி துடைத்த படத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலையில் அண்ணன் செருப்பு மாட்டும்போது பார்த்தால், அவளும் தயாராகி நிற்கிறாள்.

பார்க்கில் கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணி வந்துட்டாங்க, பெரியவர் இன்னைக்கு ஒழுங்கா நடந்துக்கணும்," என்று வாத்தியார் தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னார். நர்ஸ் அவளைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய், சீட்டைத் தட்டக் கற்றுக்கொடுத்தாள். கைக்குட்டையை ஒரு பார்வை பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை.

கேட்டது வண்டியை இயக்குகிற பெண். பட்டைகளை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள், அண்ணிக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, கையில எதுவும் இருக்கக்கூடாது. பறந்துரும்."

அண்ணி கையை விலக்கவில்லை. வண்டி முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. இறங்கிவிடுவாளோ என்று அண்ணன் பயந்தார். இறங்கினால் இனி எந்தக் கேமராவுக்கும் முன்னால் வரமாட்டாள், மகளிடமும் போகமாட்டாள். ஒரு வார்த்தை சொல்லலாமா என்று வாயைத் திறந்தவர், போன தடவை திறந்தது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். உள்ளங்கையை மட்டும் நீட்டினார்.

அண்ணி கைக்குட்டையை அதில் வைத்தாள். அவர் பத்திரமாகப் பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

வண்டி ஏறியது. உச்சியில் வழக்கம்போல யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர் எல்லாரையும் கீழே கொட்டினார். பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணன் கல்யாணம் கட்டின நாளாகக் கேட்டிராத சத்தம். அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை அவருக்கு.

வெளியே திரையில் படம் வந்தது. அண்ணி கிட்டே போய், முகம் முகமாகத் தேடினாள்.

"இதுல நான் எது?"

கேலிக்குக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் நிஜமாகவே அவளுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு பக்கமாகப் போயிருந்தது. அவளுடையது இடது பக்கம், வாத்தியாருடையது இன்னும் மோசமாக வலது பக்கம். நர்ஸ்தான் முதலில் வேறொன்றைக் கண்டுபிடித்தாள்.

"ஐயோ அண்ணே, இது செல்லாது. ஒரு காதுதான் தெரியுது."

பாஸ்போர்ட் அண்ணன் அந்தப் படத்தில் கேமராவைப் பார்க்கவில்லை. முழுசாகத் திரும்பி, வாய் பிளந்து, அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷக் கௌரவம் போச்சே," என்று தலையில் கைவைத்தார் வாத்தியார்.

"எங்க பார்த்துட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"கத்தினியே."

"அதுக்கு?"

"நல்லா இருந்துச்சு. அதான் பார்த்தேன்."

அண்ணி சிரித்தாள். கை பழக்கத்தில் வாய்க்குப் போனது, அங்கே மூட ஒன்றுமில்லாமல் இறங்கிவிட்டது. இன்னொரு காப்பியும் சேர்த்து வாங்கச் சொன்னாள், மகளுக்கு.

மறுநாள் கடை திறந்ததும் அவளாகவே ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். அண்ணன் விளக்கைப் போட்டார். பழக்க தோஷம், வழக்கமான பாட்டு தானாக வந்தது.

"நேரா பாருங்க. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க."

"யாரை 'நீங்க, வாங்க'ங்கறீங்க? நான் சிரிக்கலை. அது அப்படித்தான் இருக்கும்."

"தெரியும்," என்றார் அண்ணன். "அப்படியே இரு."

அந்தப் படத்தில் அவர் கைவைக்கவில்லை. புது பாஸ்போர்ட் வந்தாயிற்று, வெள்ளிக்கிழமை விமானம். இன்று நான் போனபோது அண்ணி கல்லாவுக்குப் பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் விட்ட இடத்தில் அவள் பிடித்து, அவள் விட்ட இடத்தில் அவர் பிடித்துச் சொன்ன கதை இது. எனக்குப் போட்டோ எடுக்கும்போது என் கண் கலங்கியிருந்ததால் அண்ணன் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஒற்றைக் காதுப் படம் இப்போது சுவரின் நடுவில் இருக்கிறது. கேட்டால் கழற்றிக் கையில் கொடுக்கிறார், போய்ப் பாருங்கள். போட்டோ என்றதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருக்கு இதை அனுப்பிவையுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். ஏறும் முன் சீட்டைத் தட்ட மட்டும் மறக்காதீர்கள், பெரியவர் கோபித்துக்கொள்வார்.