தத்துவத்துக்கு முதலில் ஆசைப்பட்டவள்

தத்துவம் படிக்கும் ஆசை எனக்குத்தான் முதலில் வந்தது. எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்துக் கல்லூரியில் நானும் என் சிநேகிதியும் கணிதம் படித்தோம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். டெல்லியில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் படித்தவரும் தத்துவ எம்.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று செய்தித்தாளில் பார்த்து அவளிடம் சொன்னவளும் நான்தான்.

"நானும் போடுதேன் ஏட்டி, உனக்குத் துணையாச்சு" என்றாள்.

மதுரையில் எழுதிய நுழைவுத் தேர்வில் இருவரும் தேறினோம். நேர்காணலுக்கு, மில்லில் வேலை பார்த்த என் அப்பா எங்களை ரயிலில் டெல்லிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் நான் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. அவளோ அப்பாவிடம் கதை பேசிக்கொண்டே வந்தாள்.

நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் நான் மளமளவென்று பதில் சொன்னேன். சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். உள்ளே போன அவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. சிரித்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்கு இல்லை. செய்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவளின் வாயில் என் அம்மா சர்க்கரை போட்டு, "எம்புட்டு தூரம் போகப் போற பிள்ள!" என்று கன்னத்தை வழித்தாள். அம்மா என்னை அப்படித் தொட்டு நாளாகியிருந்தது. வயிறு எரிந்தது.

"அம்புட்டு நேரம் உள்ள என்னட்டி கேட்டாங்க?"

"தத்துவம் எதுக்குன்னாங்க. லீவு நாள்லயும் உங்கப்பா மில் சங்குக்கு எந்திரிச்சிருதாரே, அது அவரு இஷ்டமா, சங்கோட இஷ்டமான்னு நீ கேப்பியே, அதைச் சொன்னேன்."

"அது நான் சொன்னதுல்லா!"

"ஆமா, என் சிநேகிதி சொன்னதுன்னுதான் சொன்னேன். ஆனா அது சரியில்லன்னேன். ரயில்ல உங்கப்பாட்ட கேட்டேன். சங்குக்கு முன்னாலயே முழிச்சிருவாராம். ஊதட்டும்னு சும்மா படுத்திருப்பாராம். அப்ப யாரு இஷ்டம்னு அவிய பிடிச்சுக்கிட்டாங்க. பொறவு விடவே இல்ல."

என் கேள்வி, என் அப்பா. இரண்டும் எனக்கு உதவவில்லை. அப்பாவிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் அதிகம் எரிந்தது. அவளை வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. விடுதி வாசலில் எனக்காக அவள் காத்து நின்றாள். என் பெட்டியை வாங்கிக்கொண்டு காவலாளியிடம் சரளமான ஹிந்தியில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"என்னட்டி சொன்ன?" என்றேன், எரிச்சலை மறைக்காமல்.

"தத்துவத்துக்கு மொதல்ல ஆசைப்பட்டவ இப்பதான் வந்து சேந்திருக்கான்னேன்" என்றாள்.