ஐந்து ஏக்கர் பத்தை

2007 ஒக்டோபர், நன்றியறிதல் நாளோடு வந்த நீண்ட வார இறுதி. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, அண்ணையிடம் ஒரு கையெழுத்து வாங்க. மூதூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் காணி, போன வருடச் சண்டைக்குப் பிறகு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுவிட்டது. பிள்ளைகள் மூவரும் ஒப்பமிட்டுக் கோரிக்கை அனுப்பவேண்டும். நானும் தங்கச்சியும் போட்டுவிட்டோம். அண்ணை மட்டும் மூன்று மாதமாக "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டார். சரி, நேரே போய் நிற்போம் என்று கிளம்பிவிட்டேன்.

காலை 9.30 ரயில், 97 டொலர். இரண்டே கால் மணிக்கு, மொன்றியலுக்கு முந்திய நிறுத்தமான டோர்வலில் இறங்கினேன். (நகரத்துக்குள் போகிறவர்கள் அங்கே இறங்காதீர்கள்!) அண்ணைக்கு அருகிலுள்ள விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை, தானே ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். இறங்கியதும் போன் வந்தது. "ஓவர்டைம் வந்திட்டுது. டாக்ஸி எடுத்துப் புரோசார்ட்டில வீட்டுக்குப் போ. அண்ணி நிக்கிறா." முப்பது கிலோமீற்றர். பாலத்து நெரிசலால் ஒன்றேகால் மணி நேரம், 58 டொலர். வயிறு எரிந்தது.

சாரதியின் பெயர் யூசுப், நாற்பது வயதிருக்கும். ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். "ஆ, தேயிலை!" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவர் பலஸ்தீனம் என்றார். மேற்குக் கரை, மதில், குடியேற்றம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கேயே எரிச்சல் தொடங்கிவிட்டது. அவர்களுடைய ஒரு ஒலிவ் மரம் விழுந்தால் உலகச் செய்தி. எங்கள் ஊரே விழுந்தது, ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

பாலத்தில் வண்டி நின்றபோது யூசுப் சொன்னார்: "என் தங்கச்சி ஒலிவ் பிடுங்கப் போன இடத்தில சூடு பட்டுச் செத்துப்போனாள். செய்தியில வந்தது."

செய்தியில் வந்ததாம்! என் மனம் அந்தச் சொல்லில் போய் ஒட்டியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒரு பெண் செத்திருக்கிறாள், எனக்குப் பொறாமை. எங்கள் பெரியம்மா ஷெல் விழுந்து செத்தபோது எந்தப் பேப்பர் அவருடைய பெயரைப் போட்டது?

"அதே மாதம் அந்தப் பக்கம், இஸ்ரேலில, பஸ்ஸில குண்டு வெடிச்சது," என்றார் அவர். "என் மகளை விடுற கார்டரியில, பிள்ளைகள் காப்பகத்தில, ஒரு யூதப் பிள்ளை, அதின்ர மாமி அதில செத்தவ. பின்னேரம் பிள்ளையளைக் கூப்பிடப் போய், நானும் அந்தத் தாயும் வாசல்ல பக்கத்தில பக்கத்தில நிப்பம். போன்ஜூர் சொல்லுவம். அதுக்கு மேல வாய் வராது."

பிறகு தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தகப்பனின் காணிப் பத்திரப் பிரதி. நானும் விடவில்லை, கைப்பையைத் திறந்து எங்கள் காணி உறுதியை நீட்டினேன். இரண்டிலும் ஒரே வழக்கம்: எல்லைகளைப் பெரும்பாலும் பக்கத்துக் காணிக்காரரின் பெயரால் எழுதியிருந்தார்கள். எங்களுடையதில் வடக்கே கந்தப்பர் காணி, கிழக்கே வாய்க்கால். அவருடையதில் வடக்கே பெரியப்பா, தெற்கே ஒரு ஹசன் என்று வாசித்துக் காட்டினார்.

"இப்ப வடக்கே மதில். மற்றப் பக்கமெல்லாம் குடியேறின ஆக்களின்ர ஓட்டு வீடுகள், என் காணிக்குள்ளேயும்," என்றார். "உங்கட காணியில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. வெறும் பத்தை, முள்ளுச் செடி."

"அங்க ஒருத்தரும் வீடு கட்டேல்லையா?"

"இல்லை."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "குடுத்து வைச்சனீங்கள். பத்தையெண்டால் வெட்டலாம்."

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அரை மணி நேரமாக நான் அவரைப் பார்த்த அதே பார்வை. உலகத்தில் முதல் தடவையாக ஒருவர் என் காணிக்காகப் பொறாமைப்படுகிறார். சொல்ல வெட்கம், நெஞ்சு குளிர்ந்தது.

ஏழு மணிக்கு அண்ணை வந்தார். கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பத்தையெல்லாம் வெட்டியாச்சு, பிள்ளை," என்றார். "வாய்க்காலையும் மூடி, வரிசையா வீடு கட்டுறாங்களாம். ரெண்டு மாதமாத் தெரியும். உனக்குச் சொல்ல மனம் வரேல்லை."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?" என்று கத்தினேன். அவர் பேனையை எடுத்தார். கடிதத்தில் ஒப்பமிட்டார்.

உறுதி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரதி எடுப்பதோடு நிற்காதீர்கள். எல்லைக்காரர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றும் தேடி எழுதிவையுங்கள். வாய்க்காலை மூடிவிட்டால் சாட்சிக்கு அவர்கள்தான் மிச்சம். கந்தப்பரின் மகன் ஜெர்மனியில் இருப்பதாக அண்ணி சொன்னா. தேடிக்கொண்டிருக்கிறேன்.

திங்கள் மத்தியானம் திரும்புகாலில் ரயில் டோர்வலில் நின்றது. டாக்ஸி வரிசையில் யூசுப்பைத் தேடினேன். காணவில்லை. காணாதது நல்லது என்றிருந்தது. அவர் ஒருவராவது என் காணி இன்னும் பத்தையாகக் கிடக்கிறது என்று நினைத்துப் பொறாமைப்படட்டும்.