பிறந்த கோடு

கடலையே பார்க்காத நான், பொம்மிடியில் தனியாக உட்கார்ந்து திருக்கை மீனுக்கு வயசு பார்க்கிறேன். முதுகெலும்பை மெல்லிசாகச் சீவி எடுத்த படங்கள் மீன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து லேப்டாப்புக்கு வரும். வருஷத்துக்கு ஒரு வளையம். எண்ணி அனுப்ப வேண்டும். அதே படங்களைத் தூத்துக்குடியில் ஒரு பெண்ணும் எண்ணுவார். ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது என்பதால் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

கணக்கு முடிந்து ஒப்பிட்ட அன்று அவரே போன் செய்தார்.

"எல்லா மீனுக்கும் ஒரு வயசு கூடப் போட்டிருக்கீங்க சார்."

"நல்லா எண்ணித்தாங்க போட்டேன்."

"உங்க வயசு என்ன?"

"நாப்பதுங்க."

"முடிஞ்சுதா, நடக்குதா?"

"நடக்குதுங்க."

சிரித்துவிட்டார். "அதேதான் சார். முதல் வளையக் கோடு பிறந்தப்ப விழறது. அதை எண்ணக் கூடாது. உங்க கணக்கை நம்பி இந்த வயசுக்கு மேல பிடிக்கலாம்னு சொன்னா, இன்னும் குட்டியே போடாத மீனெல்லாம் வலையில போயிடும்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினேன். அடுத்த படங்கள் வந்ததும் பழையபடி பேசக் கூடாதவர்களாகிவிட்டோம்.

போன வாரம் எனக்கு நாற்பது முடிந்தது. முடிஞ்சுதா, நடக்குதா என்று கேட்க யாருமில்லை.