கயிற்றுக்காரர் படித்த கடைசிப் பக்கம்

எங்கள் வீட்டில் யுத்தம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான் நடக்கும். காலையில் மாதா கோயிலில் பூசை, பிறகு மீன்குழம்பு, அதன்பின் அத்தை வாடகை நூலகத்து நாவலை உரக்கப் படிப்பாள். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தை எதிரிப்படை பிடித்து வைத்திருக்கிறது. கதாநாயகி ரொட்டிக்குள் செய்தியை ஒளித்துக் கடத்துகிறாள். கண்ணுக்குத் தெரியாதபடி எலுமிச்சைச் சாற்றில் எழுதுகிறாள்; சூடு காட்டினால்தான் எழுத்துத் தெரியும். இத்தனை வேலைக்கு நடுவில் இரண்டு பேர் அவளைக் காதலிக்க வேறு செய்கிறார்கள்.

தூத்துக்குடியில் பள்ளிக்கூட டீச்சரான எங்கள் அத்தைக்கும் இரண்டு பேர். ஒருவர் சங்கு குளிப்பவர். அவர் மூழ்கும்போது தோணியிலிருந்து கயிறு பிடிப்பவர் இன்னொருவர். இலக்கிய தாகம் என்று சொல்லிக்கொண்டு இருவரும் கதை கேட்க வந்து வாசலருகே உட்காருவார்கள். முந்தின வாரம்தான், கல்யாணத்துக்குக் கேட்ட கயிற்றுக்காரரை வேண்டாம் என்று அத்தை சொல்லியிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே போனாராம். இந்த ஞாயிறும் சிரித்துக்கொண்டே வந்திருந்தார்.

எங்கள் கரையில் மூழ்குகிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி அறுபட எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது நம்பிக்கை. கல்யாணமாகாத நம் குளிப்பவர் மச்சினனுக்கு எங்கே போவார்? ஆகவே கயிற்றைக் கூட்டாளி பிடித்தார்.

அன்றைய கதையில், எதிரிக் கப்பலுக்கு அடியில் வெடி வைக்க, காதலர் இருவரில் ஒருவன் கடலுக்குள் இறங்கினான். படகில் கயிற்றைப் பிடித்திருந்தவன் மற்றவன். நான் அத்தையின் முதுகில் சாய்ந்து, தோள் வழியாகப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தைத் திருப்பினாள். அதற்கப்புறம் கதை இல்லை, எவனோ கிழித்திருந்தான். அட்டைக்கு முந்தைய வெற்றுத்தாள் மட்டும் இருந்தது. அத்தை குரல் மாறாமல் அதைப் படித்தாள்.

"கயிறு ஆடியது. மேலே இருந்தவன் பார்த்தான். மறுபடி ஆடியது. அவன் சுருட்டைப் பற்ற வைத்தான். கயிறு ஆடி ஓயும்வரை புகைத்தான். பிறகுதான் இழுத்தான், ஊருக்கே கேட்கும்படி அழுதுகொண்டு."

எலுமிச்சைச் சாற்றில் எழுதியிருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. "அத்த, இதுல எழுத்தே..." என்று ஆரம்பித்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

குளிப்பவர்தான் சிரித்தார். "இவன் அப்படிப்பட்டவனா டீச்சர்? நாளைக்கும் இவன் கைலதான என் உசிரு!"

"நான் கதைல உள்ளவனச் சொன்னேன்" என்றாள் அத்தை.

கயிற்றுக்காரர் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாய்வு நாற்காலியில் தூங்குவதாக நாங்கள் நம்பியிருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே பேசினார். "நாளைக்குக் கயிறு நான் பிடிக்கேன்."

அப்பா கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் குமாஸ்தா. கடலோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. "கடலப் பாத்தாலே உங்களுக்குக் கொமட்டுமே!" என்று அம்மா பதறினாள்.

"கொமட்டட்டும்ளா."

குளிப்பவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தையின் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான். தாம்பூலம்கூட மாற்றவில்லை.

கயிற்றுக்காரர் எழுந்தார். "புஸ்தகத்தத் தாங்க டீச்சர். கடைசிய நானே ஒருக்கப் படிக்கணும்." எல்லார் முன்னிலும் கேட்டதால் அத்தையால் மறுக்க முடியவில்லை. கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா, வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு, உள்ளங்கை உரிந்து வந்து சேர்ந்தார். குளிப்பவரும் சங்குகளோடு உயிரோடு வந்தார். இருவரையும் பார்க்க எல்லாரும் கொல்லைப்பக்கம் ஓடியபோது, வாசலில் கயிற்றுக்காரர் நின்றிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"கடைசிப் பக்கம் படிச்சுட்டேன்னு அத்தைட்ட சொல்லுல" என்றார். "எழுதுனவுக என்னய உள்ள புகுந்து பாத்த மாரி எழுதிருக்காவ."

புத்தகத்தைத் தந்துவிட்டுப் போனவர் பிறகு எந்தத் தோணியிலும் ஏறவில்லை. சில நாளில் ஊரிலும் இல்லை.

நான் அந்த வெற்றுத்தாளை விளக்குச் சூட்டில் காட்டிக்காட்டிப் பார்த்தேன். எழுத்து வரவில்லை, ஓரம் கருகியதுதான் மிச்சம். தாளின் இரு பக்கமும் வேர்வையில் ஊறிய கட்டைவிரல் தடங்கள் இருந்தன. வெகுநேரம் பிடித்திருக்கிறார்.

அத்தைக்கும் அவருக்கும் என்னைவிடக் கண் கூர்மை என்று அன்றைக்கு முடிவுகட்டி, அம்மாவிடம் கண்ணாடி வாங்கித் தரச்சொல்லி அழுதேன்.