கூட்டாத வளவு

இலங்கையின் தெற்கில், முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் உரம் வைப்பதை மேற்பார்ப்பதே என் உத்தியோகம். ஆலைக்குப் போகும் ஒவ்வொரு குலையோடும் மண்ணின் சத்தும் போய்விடும். அதனால் வெட்டிய ஓலைகளை வரிசைகளுக்கிடையே பரப்புவோம். காய் உதிர்த்த வெறுங்குலைகளைத் திருப்பிக் கொண்டுவந்து மரத்தடியில் போடுவோம். புதிதாக அந்த மரம் நடக்கூடாது என்று அரசு தடுத்த பின் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போய், நான் சொந்த ஊரான புங்குடுதீவுக்கு வந்தேன்.

நான் தங்கிய வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் கனடாவில் இருக்கும் அண்ணனுடையவை. நான் மணம் செய்யாதவன். சுற்றிலும் பூட்டிய வீடுகள். பொழுதுபட்டால் வேலிக்கு அப்பால் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம் தெரியும். அங்கே ஒரு பெண் தனியே இருந்தார். பிள்ளைகள் பிரான்சில்.

தென்னைகளின் அடியோலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்திருந்தன. மணல் நிலம், மழை பெய்தால் சத்தெல்லாம் கீழே இறங்கிவிடும். எனக்குத் தெரிந்ததையே செய்தேன். விழுந்த ஓலைகளை நறுக்கி மரங்களைச் சுற்றிப் போட்டேன். மேலே பூவரசங்குழையும் மாட்டெருவும். பேச ஆளில்லாத நாட்களுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

வளவைத் தொலைபேசியில் பார்த்த அண்ணனுக்கு முகம் சுருங்கியது.

"என்னடா, ஆளில்லாத வீடு மாதிரிக் கிடக்கு."

"மண்ணுக்குத்தான் போட்டனான், அண்ணை."

அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஒருநாள் யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்துவிட்டுத் திரும்பினேன். படலையடியிலேயே புகை மணத்தது. வளவு வெறும் மணலாய்க் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் விளக்குமாறும் கையுமாக நின்றார். உள்ளங்கைகளில் கொப்புளம்.

"உங்கட அண்ணை ரெலிபோனிலை கவலைப்பட்டது வேலிக்கு அங்காலையும் கேட்டது. உங்களுக்கும் ஏலாதுதானே. எல்லாத்தையும் கூட்டிக் கொளுத்திப்போட்டன்."

"பெரிய உதவி" என்றுதான் வாயில் வந்தது. அவர் போனபின், காற்று அள்ளிப் போகுமுன் சாம்பலை மண்ணோடு குழைத்து மரத்தடிகளில் போட்டேன். அதையாவது காப்பாற்ற வேண்டுமே.

மறுநாள் வேலியடியில் நின்று உள்ளதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த விளக்குமாற்றை வேலியில் சாத்தினார்.

"நேற்றே சொல்லியிருக்கலாமே, அண்ணை."

"நீர் எனக்காகக் கையைப் புண்ணாக்கிக்கொண்டு நிண்டனீர். எப்பிடிச் சொல்லுறது?"

"எங்கட வளவிலை கூட்ட இனி ஒண்டுமில்லை" என்றார், நிலத்தைப் பார்த்தபடி. "காலமையும் பின்னேரமும் கூட்டுறன். அதுதான் இஞ்சை வந்தனான்."

அதன்பின் தன் வளவில் விழும் ஓலைகளை வேலிக்கு மேலால் எறிவார். பொத்தென்ற சத்தம் கேட்டு நான் எழுந்து போவதற்குள் உள்ளே போயிருப்பார். இருவருக்குமே பேச்சு அவ்வளவாக வராது.

மாரி முடிந்தபோது குருத்தோலைகள் நல்ல பச்சையாக விரிந்தன. பழைய ஓலைகள் தேறவில்லை. அவை தேறாதென்று எனக்குத் தெரியும். புதுப் பச்சையை அவருக்குக் காட்ட நினைத்திருந்தேன். அந்தக் கிழமைதான் பிள்ளைகள் அவரைப் பிரான்சுக்குக் கூப்பிட்டார்கள். படலைப் பூட்டின் திறப்பைத் தந்துவிட்டு, "ஓலையளை நீங்களே எடுங்கோ" என்றார்.

இப்போது நான்தான் அங்கே போய் ஓலை பொறுக்குகிறேன். அவர் வீட்டு முற்றத்தில் புல் முளைத்துவிட்டது. எப்போது வருவாரென்று கேட்க அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை.